பெண் அழைப்புக் காரின் பானெட்

என் மனைவி ரத்தினம்மாளின் தம்பி சடையப்பன், தன் அக்கா மகளை, எங்கள் வினோதினியை, தன் சொந்தக் காரில்தான் கல்யாணத்துக்கு அழைத்துப்போவது என்று, கார் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டவன். சீர்த்தட்டும் பட்டுப்புடவையும் எல்லாத் தாய்மாமனும்தான் வைக்கிறான், தன் கையால் ஓட்டிக்கொண்டு போவதற்கு எவனுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்பது அவன் பேச்சு. போன தை மாதம் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினான். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓடும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, நின்றால் சூடாகும். எங்கள் ஊர் லாரன்ஸ் ரோட்டு நெரிசலில் இரண்டு முறை புகை கக்கியதை நானே கண்ணால் பார்த்தேன்.

மாப்பிள்ளை வீடு சிதம்பரம். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்குப் பெண் அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை, பூ ஜோடித்த காரில் பெண் ஊர்வலமாக வர வேண்டும். நடுவழியில் புகைவிட்டு நின்றால் என்ன ஆவது?

"மச்சான், நான் வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிடறன். நீ முன் சீட்ல உக்காந்து வா. மரியாதைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல" என்றேன்.

"முன் சீட்ல சும்மா உக்காந்து வர்றதுக்கு நான் எதுக்கு மாமா? ஒரு பூசணிக்காய வெச்சு கூட்டிம்போங்க" என்றான்.

சடையப்பன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பம்ப் ஃபிட்டர். சும்மா இருக்கிற கை இல்லை அவனுக்கு. மறுநாளே போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினான். பானெட்டின் பின்பக்கக் கீலில் போல்ட்டைத் தளர்த்தி, அடியில் வாஷர்களை அடுக்கி முடுக்கினால், முன்கண்ணாடிப் பக்கம் பானெட் ஒரு விரல் அளவு தூக்கிக்கொள்ளும். அந்தச் சந்து வழியாக என்ஜின் சூடு வெளியே போய்விடும். அவ்வளவுதான் வித்தை. காட்டிய கையோடு தன் வண்டியில் செய்தும்விட்டான்.

நான் அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் செய்து பார்க்காமல் ஒத்துக்கொள்வதில்லை. "சூடு வெளிய போவுதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வண்டியில ஏறுங்க மாமா, காட்டறன்."

உச்சி வெயிலில் லாரன்ஸ் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். முன்னால் பஸ், பின்னால் ஷேர் ஆட்டோ. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அனல் அலை அலையாக எழும்பியது. பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து அந்தச் சந்தில் விட்டேன். மேலே பறந்துபோனது. ஸ்டியரிங்குக்கு முன்னால் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

"இப்ப என்னா சொல்றீங்க?"

"நல்லாத்தான் இருக்குது" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு வாடகைக் காரையும் சொல்லி, காலியாகப் பின்னால் வரச் சொன்னேன்.

சடையப்பன் அதைக் கேட்டு, "கல்யாண வண்டிக்குப் பின்னாடி ஆம்புலன்ஸ் வர்றத இப்பத்தான் பாக்கறன்" என்று சொன்னதோடு என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

பெண் அழைப்பன்று மூன்று மணிக்குக் கிளம்பினோம். பூக்காரர் வஞ்சனை இல்லாமல் ஜோடித்திருந்தார். முன்னால் வண்டியின் மூக்கை மறைத்துத் தடிமனான சாமந்தி மாலை. பானெட்டின் மேல் நெடுக சிவப்பு ரோஜா. பின்சீட்டில் வினோதினி பட்டும் நகையுமாக, பக்கத்தில் அவள் அம்மா. நான் முன்சீட்டில் பூசணிக்காய் மாதிரி.

சிப்காட் தாண்டி, குடிகாடு தாண்டி, நாற்கரச் சாலையில் வண்டி வேகம் பிடித்தது. ஆலப்பாக்கம் வரும்போது முள்ளைப் பார்த்தேன். பாதியைத் தாண்டியிருந்தது.

"மச்சான், முள்ளு."

"பாத்துட்டுத்தான் இருக்கறன்." ஏசியை நிறுத்தி வெளிக்காற்றைத் திறந்துவிட்டான்.

எண்ணெய் வாடையோடு சூடான காற்று வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஏசி ஓட்டையிலிருந்து சிவப்பாக ஏதோ துணுக்கு பறந்து ரத்தினம்மாளின் மூக்கில் ஒட்டியது. அடுத்தது வினோதினியின் நெற்றிச்சுட்டியில்.

"மாமா, வண்டி எனக்குப் பூ தூவுது!" என்று வினோதினி சிரித்தாள்.

"டேய் தம்பி, எம்பொண்ணு மேக்கப்பு!" என்று ரத்தினம்மாள் கத்தினாள்.

புதுச்சத்திரத்தில் ஓரங்கட்டியபோது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. வாடகைக் காரும் பின்னால் வந்து நின்றது. அதன் டிரைவர் இறங்கி, யாரும் கேட்காமலே பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

சடையப்பன் அந்தத் திறந்த கதவைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. "ஏறிக்கம்மா வினோ. நேரமாவுது" என்றான்.

வினோதினி இறங்கவில்லை. "மணி என்னப்பா?"

"நாலு ஆவல."

"அப்ப நேரம் இருக்குது. என்னான்னு பாருங்க. நான் மாமா வண்டியிலதான் வருவன்."

கொஞ்சம் ஆறவிட்டுப் பானெட்டைத் திறந்தோம். உள்ளே பூஜை நடந்த மாதிரி இருந்தது. என்ஜினின் பின்பக்கம் முழுக்கப் பூவிதழ்.

"முன்னாடி வழியா வந்திருக்கும் மாமா. அந்த மாலைதான் காத்த அடைக்குது. அத அறுத்துடலாம்" என்றான் சடையப்பன்.

"இரு. முன்னாடி கட்டினது என்னா பூ?"

"சாமந்தி."

"உள்ள கெடக்கறது?"

குனிந்து பார்த்தான். ஒரு மஞ்சள் இதழ்கூட இல்லை. எல்லாம் ரோஜா. பானெட்டின் மேல் ஒட்டியிருந்த ரோஜா, பின்சந்து வழியாக உள்ளே போயிருந்தது.

"நிக்கறப்ப சூடு மேல எழும்பி வெளிய போச்சு. நானே பாத்தன். ஓடறப்ப அப்படி இல்ல மச்சான். எதிர்க்காத்து கண்ணாடியில மோதி, தேங்கி, எங்கடா வழின்னு பாத்து உன் சந்துல பூந்துடுது. பின்னாடியும் காத்து உள்ள வந்தா, முன்னாடி ரேடியேட்டர் வழியா வர்ற காத்து எங்க போவும்?"

"அப்ப மாலை ஒண்ணும் பண்ணலன்றீங்களா?"

"அதுவும் பண்ணும். எது எவ்வளவுன்னு தெரியணும்னா ஒண்ணொண்ணாத்தான் எடுக்கணும்."

"ரோட்டு ஓரத்துல லேப் நடத்தறாரு பாரு" என்றாள் ரத்தினம்மாள் காருக்குள்ளிருந்து.

முதலில் மாலையைக் கழற்றி வண்டிக் கூரையில் கட்டினோம். சடையப்பன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினான். கொஞ்ச தூரம் ஓட்டினோம். முள் சற்றே இறங்கி, முக்காலில் நின்றுகொண்டது. ரோஜா தூவுவது நிற்கவில்லை. மறுபடி ஓரங்கட்டினோம். இந்த முறை சடையப்பனே ஸ்பேனரை எடுத்து வாஷர்களைக் கழற்றி என் உள்ளங்கையில் போட்டான். சுட்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை முள் பாதிக்கு ஏறவில்லை. பூமாரியும் நின்றது. சடையப்பன் விசிலடிக்க ஆரம்பித்தான். கண்ணாடியில் பின்னால் வரும் வாடகைக் காரைப் பார்த்து, "பாவம், அந்தாளுக்கு வேலையே இல்ல" என்றான்.

ஐந்துக்குள் பிள்ளையார் கோயில் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு காத்திருந்தார்கள். நாதஸ்வரம் முன்னால், பேண்டு அதற்கும் முன்னால். வினோதினி கோயிலுக்குள் போனாள். ரத்தினம்மாள் மாலையைத் திரும்ப வண்டி மூக்கில் கட்டச் சொல்லிவிட்டாள். அதில் யாரும் அவளோடு பேச முடியாது.

சடையப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். விசில் நின்றிருந்தது.

"என்னா மச்சான்?"

"ஊர்கோலம் மாமா. ஆள் நடக்கற வேகத்துலதான் போவணும். நடுநடுவுல நிப்பாட்டி ஆடுவாங்க. லாரன்ஸ் ரோடு மாதிரியேதான். மண்டபம் போறதுக்குள்ள பொங்கிடும்." வாடகைக் காரின் பக்கம் தலையைத் திருப்பினான். "அவர வேணா முன்னாடி வரச் சொல்லட்டுமா?"

ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு சட்டைப்பையில் கையை விட்டு வாஷர்களை எடுத்து நீட்டினேன்.

"மாட்டு."

"மாமா?"

"ஓடறப்பத்தான் அது ஒதவாதுன்னன். நின்னு நின்னு போறதுக்கு ஒதவாதுன்னு சொன்னனா? சாமி கும்புட்டு வர்றதுக்குள்ள மாட்டு."

அவன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கக் கீல் வேலையில் இறங்க, நான் மறுபக்கம் வாஷர் நழுவாமல் பிடித்துக்கொண்டேன். வினோதினி வெளியே வரும்போது பானெட் மூடியிருந்தது, பின்னால் ஒரு விரல் இடைவெளியோடு. நான் வாடகைக் கார் டிரைவரிடம் போய், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னேன்.

ஊர்வலம் நகர்ந்தது. தேரடிப் பக்கம் பேண்டுக்காரர்கள் நின்று வாசித்தபோது வண்டியும் வெகு நேரம் நின்றது. வண்டியோரமாக நடந்த நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், முள் பாதியிலேயே கிடந்தது. சந்தின் ஓரம் ஒட்டியிருந்த ரோஜா இதழ் ஒன்று, உள்ளிருந்து வந்த அனலில் துடித்துத் துடித்து, பிய்த்துக்கொண்டு மேலே எழும்பியது.

பக்கத்தில் நடந்துவந்த சம்பந்தி என் தோளைத் தொட்டார். "பானெட்டு சரியா மூடல போலிருக்குதே?"

"அது அப்படித்தான் சம்பந்தி இருக்கணும்" என்றேன். "எங்க மச்சான் செஞ்சது."

சடையப்பன் காதில் விழுந்திருக்க வேண்டும். ஹாரனை ஒரு முறை தேவையில்லாமல் அடித்தான்.