சரம் பின்னாத வீடு

ஆமத்தூருக்குத் தெற்கே இருந்த அந்தத் தெருவில் பதினெட்டு வீட்டுப் பெண்களுக்கு மாரித்தாய்தான் வேலை கொடுத்தாள். பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருடம் காகிதக் குழாய் சுற்றியவள். 2004-இல் அதை விட்டுவிட்டு, அதே வேலையைத் தானே காண்டிராக்ட் எடுத்தாள். நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து காகிதக் கட்டு வரும். பெண்கள் வீட்டிலேயே குழாய் சுற்றிக் காயவைத்துக் கொடுப்பார்கள். வெறும் குழாய்தான். வெடிமருந்து அடைப்பதெல்லாம் கம்பெனிக்குள்ளே. தன் கையால் எந்த வீட்டுக்குள்ளும் மருந்து வராது என்று தொடங்கிய அன்றே அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் வருடம் ஆடி மாதம், கம்பெனி ஏஜெண்ட் காசிராஜன் லோடு ஆட்டோவோடு வந்தான். காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு சாக்கு மூட்டைகள் இருந்தன. மாரித்தாய் ஒன்றை அவிழ்த்துப் பார்த்தாள். மருந்து அடைத்துத் திரி வைத்த சிவப்பு வெடிகள். சீசன் நெருக்கடி, கம்பெனியில் ஆள் போதவில்லை, வீடுகளில் வைத்துச் சரமாகப் பின்னித் தந்தால் போதும் என்றான் காசிராஜன். கூலி குழாயைப் போல மூன்று மடங்கு.

மாரித்தாய் சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினாள்.

"இது வேண்டாம் அண்ணாச்சி. குழாய்க் காயிதத்த மட்டும் இறக்குங்க."

"ஒனக்கு என்ன பயம்? நீயா பின்னப் போற?"

"கம்பெனியில நாலு பக்கமும் வாசல் வச்ச ரூமுலயே நாலு பேருக்கு மேல உக்கார விடமாட்டீக. இங்கன வீட்டுக்கு ஒரு வாசல்தான். அதுக்குள்ளதான் அடுப்பு எரியுது, அதுக்குள்ளதான் பிள்ளைக படுத்திருக்கு."

"அப்ப குழாயும் கிடையாது. எடுத்தா ரெண்டையும் எடு."

ஆட்டோவைச் சுற்றிப் பெண்கள் கூடியிருந்தார்கள். மூன்று மடங்கு என்ற சொல் அவர்கள் காதில் விழுந்துவிட்டது. ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று மாரித்தாய் தப்பித்திருக்கலாம். அவள் இரண்டையும் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள்.

காசிராஜன் ஆட்டோவில் ஏறவில்லை. எதிர்வீட்டைப் பார்த்துத் திரும்பினான். அது மாரித்தாயின் தம்பி பாண்டியின் வீடு. பாண்டியின் மனைவி சோலையம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ எடுக்கிறாயா என்று அவளைக் கேட்டான். அவள் நாத்தனாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "இங்கன இறக்குங்க" என்றாள். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்தில் மூட்டைகள் அவள் கட்டிலுக்கடியில் போய்விட்டன.

அன்று சாயங்காலத்துக்குள் பதினெட்டில் பதினாறு வீடுகள் சோலையம்மாளிடம் போயின. மிஞ்சிய இருவரும்கூட மாரித்தாய்க்காக நிற்கவில்லை. பஞ்சம்மாளுக்குக் கண் மங்கல், சரம் பின்ன வராது. இன்னொருத்தி புதுப்பெண், மாமியார் விடவில்லை.

மாரித்தாயின் கணவன் இருளாண்டி கட்டட வேலைக்குப் போகிறவன். விஷயம் கேள்விப்பட்டு வந்தவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். உன் வீட்டில் வேண்டாமென்றால் வைக்காதே, மற்ற வீட்டுக்கு வருகிற சோற்றைத் தடுக்க நீ யார் என்று கேட்டான். தான் கொடுக்கிற வேலையில் யாருக்கு எது நடந்தாலும் அது தன்மேல்தான் விழும் என்றாள் அவள். அவனுக்கு அது விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளவும் விரும்பவில்லை. ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தான்.

சிவகாசி அச்சாபீசுகளில் பிழையாக அச்சடித்த தாள்களை எடைக்கு விற்பார்கள். மாரித்தாய் ஒரு கட்டு வாங்கி, மருந்துக்கடைகளில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் கவர்கள் செய்து விருதுநகர் பஜாருக்குக் கொண்டுபோனாள். அங்கே கவர் மொத்த வியாபாரம் செய்த ஜெய்லானி பாய் ஒன்றை எடுத்து விரலை விட்டுப் பிரித்துப் பார்த்தார். பசை ஓரத்தில் பிதுங்கி வாய் ஒட்டிக்கொண்டது. திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் முறையும் திருப்பினார். பட்டாசு வேலையை எதற்காக விட்டாள் என்று மாரித்தாய் சொல்லத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"நல்ல மனுசி, கெட்ட மனுசியெல்லாம் எனக்கு வேண்டாம்மா. மாத்திரை கீழ விளக்கூடாது. அம்புட்டுத்தான்."

மூன்றாம் முறை எடுத்துக்கொண்டார். மாதம் ஒரு ஆர்டர் என்றார். பாராட்டாக ஒரு வார்த்தை இல்லை.

ஆடி போய் ஆவணியும் போயிற்று. தெருவில் எங்கும் எதுவும் வெடிக்கவில்லை. அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பெண்கள் சரம் பின்னினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் சேர்ந்து பின்னின. சோலையம்மாள் வீட்டுக்குக் கலர் டி.வி. வந்தது. தெருப் பக்கம் திருப்பி வைத்துச் சத்தமாக ஓடவிட்டாள். கவர் ஒட்டுகிற மகராணி என்று மாரித்தாய்க்குப் பெயர் வைத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் குடம் கடைசிக்குத் தள்ளப்பட்டது. சில காலைகளில், இன்றும் ஒன்றும் ஆகவில்லையே என்று மனசுக்குள் ஒரு ஏமாற்றம் தலைகாட்டும். எதிர்வீட்டில் தம்பியும் அவன் மகள் பானுப்பிரியாவும் இருக்கிறார்கள் என்று உடனே நினைவு வரும். அப்போது தன்னைப் பார்த்தே அவளுக்குப் பயமாக இருக்கும்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் போலீஸ் ஜீப்பும் அதன் பின்னால் ஒரு லாரியும் தெருவுக்குள் வந்தன. ஏழு வீடுகளிலிருந்து மூட்டைகளை எடுத்தார்கள். அதிகம் இருந்தது பாண்டி வீட்டில். வீடு அவன் பெயரில் இருந்ததால் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். காசிராஜன் அன்றிலிருந்து செல்போனை எடுக்கவே இல்லை. கம்பெனியோ, அப்படி யாருக்கும் வேலை கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

மறுநாள் காலை மாரித்தாய் தண்ணீர் பிடிக்கப் போனாள். அங்கே நின்ற பெண்கள் அவள் குடத்தை எடுத்துத் தெருவில் உருட்டினார்கள். அவள் வெறுங்குடத்தோடு திரும்பினாள். ஜெய்லானி பாய்க்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய எட்டாயிரம் கவர்கள் முற்றத்தில் அடுக்கியிருந்தன. எல்லாவற்றின் மேலும் யாரோ தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள். மை கரைந்து முற்றமெல்லாம் நிறம் நிறமாக ஓடியது. அவள் குனிந்து ஒரு கட்டைத் தூக்கினாள். அது கூழாகக் கையோடு வந்தது.

பின்னாலேயே சோலையம்மாளும் பத்துப் பதினைந்து பெண்களும் வந்து நின்றார்கள். இத்தனை வருடமாக மதினி, வாங்க, போங்க என்றுதான் சோலையம்மாள் பேசியிருக்கிறாள்.

"நீதான சொன்ன?"

"நான் சொல்லல."

"பின்ன வானத்துல இருந்தா வந்தாங்க?"

மாரித்தாய் கையிலிருந்த கூழை உதறினாள். "ரெண்டு தடவ போலீஸ் ஸ்டேசன் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகப் பயந்து திரும்பிட்டேன். சொல்லியிருக்கணும்."

முதலில் சொன்னதை அதற்குப் பிறகு யாரும் நம்பவில்லை. ஒருத்தி காறித் துப்பினாள். சோலையம்மாள் இரண்டு கையாலும் மண்ணை வாரி வாசலில் வீசிவிட்டுப் போனாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தியிருக்கக் கூடாதா என்று இருளாண்டி தலையில் அடித்துக்கொண்டான். யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் பாதியை மறைத்துவிட்டு அந்த முகங்களின் முன்னால் நிற்க அவளுக்கு வரவில்லை.

விருதுநகர் போய் ஜெய்லானி பாயிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, வெள்ளிக்கிழமை சரக்கு வர வேண்டும் என்றார். அவள் திரும்பிவந்து புதுத் தாள் வாங்கினாள். இருளாண்டி மூன்று நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து ஒட்டினான். அவன் ஒட்டியதில் பாதியை அவள் பிரித்துத் திரும்ப ஒட்ட வேண்டியிருந்தது. அவன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல ஒட்டிக்கொண்டே இருந்தான். வெள்ளிக்கிழமை சரக்கு போய்ச் சேர்ந்தது.

பாண்டி பதினோராம் நாள் ஜாமீனில் வந்தான். அக்காள் வாசலில் நிற்பதைப் பார்த்தான். நேராகத் தன் வீட்டுக்குள் போய்விட்டான்.

தை மாதம் பானுப்பிரியா பெரியவளானாள். அத்தைதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாரித்தாய்க்கு அழைப்பு வரவில்லை. காரியாபட்டியிலிருந்து தூரத்து உறவுக்காரி ஒருத்தியைக் கூட்டிவந்து ஊற்ற வைத்தார்கள். பஞ்சம்மாள் கையில் மாரித்தாய் கொடுத்துவிட்ட பட்டுப்பாவாடை பிரிக்காமலே திரும்பி வந்தது. அன்று முழுக்க எதிர்வீட்டு ஒலிபெருக்கி அவள் வாசலைப் பார்த்தே பாடியது. அவள் கதவைச் சாத்தவில்லை. உட்கார்ந்து கவர் ஒட்டினாள். இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பஞ்சம்மாள் பார்த்தாள்.

மாசி பாதியில் ஒரு நாள் சோலையம்மாள் வந்து வாசல்படிக்கு வெளியே நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. கேஸுக்கும் சடங்குக்கும் கையிலிருந்தது போய்விட்டது என்று தெருவில் பேசிக்கொண்டது உண்மைதான் போல. கலர் டி.வி.யும் போயிருந்தது.

"வேலை இருக்கா?"

"இருக்கு."

"நீதான் காட்டிக்குடுத்தன்னு இன்னமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். சாகுற வரைக்கும் சொல்லுவேன்."

"சொல்லிக்கோ." மாரித்தாய் எழுந்து தாள் கட்டு ஒன்றை எடுத்தாள். "காசிராஜன் சித்திரையில திரும்ப வாரான்னு பேசிக்கிறாக. அவன் மூட்டை இறங்குன வீட்டுக்கு என் காயிதம் வராது. தம்பி வீடுன்னு பார்க்க மாட்டேன்."

எப்படி மடிக்க வேண்டுமென்று மாரித்தாய் காட்டப்போனபோது, சோலையம்மாள் கட்டை அவள் கையிலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனாள்.

காசிராஜன் சித்திரையில் வந்தான். ஆறு வீடுகளில் மூட்டை இறங்கியது. அதில் மூன்று வீடுகள், சோலையம்மாளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்து மாரித்தாயிடம் கவர் வேலை செய்துகொண்டிருந்தவை. அன்றே போய்த் தாளைத் திரும்ப வாங்கினாள். ஒரு வீட்டில் தாளைக் கிழித்து முகத்தில் எறிந்தார்கள். பாண்டி வீட்டு வாசலிலும் காசிராஜன் கொஞ்ச நேரம் நின்றான். உள்ளேயிருந்து யாரும் வெளியே வராததால் நகர்ந்து போனான்.

வியாழக்கிழமைதோறும் சோலையம்மாள் கவர் கட்டைக் கொண்டுவந்து படிக்கு வெளியே வைப்பாள். வரும்போதும் பேச்சில்லை, போகும்போதும் பேச்சில்லை. மாரித்தாய் அடுத்த கட்டை எடுத்து அதே இடத்தில் வைப்பாள். அவள் கையை எடுத்த பிறகுதான் சோலையம்மாள் குனிந்து எடுப்பாள்.