பக்கெட்டுக்கு ஒரு மேற்கோள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் என் அக்கா. தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி தொகுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுத வேண்டும். அச்சான கதை ஒன்றிலிருந்து மேற்கோளும் காட்ட வேண்டும்.

‘பக்கெட்’டுக்குப் பொருள் எழுதிவிட்டாள்: ‘நீர் பிடித்து வைக்க உதவும் வாளி.’ மேற்கோள்தான் அகப்படவில்லை. [நம் எழுத்தாளர்கள் மழையில் நனைவார்கள், ஆற்றில் மூழ்குவார்கள், பக்கெட்டில் மொண்டு குளிக்க மாட்டார்கள்.] தேடி அலுத்துப்போய், ஒரு வாக்கியத்தைத் தானே எழுதிக் கீழே என் பெயரைப் போட்டுவிட்டாள். இப்போது பதிப்பாசிரியர் அந்த வாக்கியம் அச்சான பக்கத்தின் நகலைக் கேட்கிறார். காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

“ஒரு கதை எழுதி அந்த வரிய உள்ள வெச்சிடு. நீயும் எழுத ஒண்ணும் இல்லாமத்தான உக்காந்திருக்க” என்றாள்.

2

தொடக்கம் ஒன்று: ‘நீல நிற பக்கெட் ஒன்று பிரபஞ்சத்தின் தனிமையைத் தன்னுள்...’

வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: ‘பக்கெட்டுக்குள் ஒரு துப்பாக்கி கிடந்தது. அது யாரைச் சுட்டதென்றால்...’

யாரைச் சுட்டது என்று எனக்கும் தெரியவில்லை. பிறகுதான் அக்காவின் வாக்கியத்தை ஒழுங்காகப் படித்தேன்:

‘அவர் போன பிறகும், காலையில் அவருடைய பக்கெட்டில் வெந்நீர் நிரப்பி வைப்பதை அவள் நிறுத்தவில்லை.’

அவர் என்றால் அத்தான். சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அந்த ஆள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அக்கா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நாங்களும் நம்பினோம். [மனித மனத்தை ஊடுருவிப் பார்ப்பவன் எழுத்தாளன் என்று கூட்டங்களில் பேசுகிறேன். கைதட்டலும் வாங்குகிறேன்.]

3

அவள் மானத்தைக் காப்பாற்ற, ‘அவரை’ மாடியில் குடியிருந்த வாத்தியாராக்கி ஒரு கதை எழுதிக் கொடுத்தேன்.

“வாத்தியாருக்கு இவ எதுக்கு வெந்நீர் வெக்கணும்?” என்றாள் அக்கா.

“கதைக்காக.”

“ஒரு பொய் சொன்னது போதும்டா. அந்த வாத்தியார எடுத்துடு.”

“கதை வரப்போற பத்திரிகைய அத்தான் விடாம வாங்குறவர், அக்கா. உள்ளத எழுதினா அவருக்குத் தெரிஞ்சிடும்.”

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

“தெரியட்டும்.”

4

அகராதிக்கு வேண்டிய வரி மேலே இரண்டாம் பகுதியில் வந்துவிட்டது. இது அச்சானால் அவள் வேலை பிழைக்கும். கதைக்குத்தான் முடிவு இல்லை.

இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அத்தான் வாசலில் வந்து நிற்கிறார், அது சினிமா. இன்னொன்றில் அக்கா பக்கெட்டைக் கவிழ்த்து வைக்கிறாள். அதை எழுதக் கை வரவில்லை. இரண்டையும் கிழித்துப்போட்டேன்.

வழக்கமாக இந்த இடத்தில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவேன். [சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது.] இம்முறை எல்லோரிடமும் விடுவதற்கில்லை. மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். அடுத்த பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி இருக்கிறது.

அத்தான், இனி உங்கள் பாடு. அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள்.