ஜப்பான் பாட்டு

பெட்டியில் கிடத்தியிருந்த தம்பி வின்ஸ்டனின் சட்டைக் காலரை ஜெனிதா நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தபோது நிதீஷ் வாசலில் வந்து நின்றான். பின்னால் நாலைந்து கூட்டாளிகள். எல்லோருடைய பனியனிலும் கூர்கூரான முடியோடு ஜப்பான் கார்ட்டூன் பையன்கள். துக்கத்துக்கு வந்திருந்த கருமத்தம்பட்டி சனங்கள் அந்தப் பனியன்களையே பார்த்தார்கள்.

“அக்கா, ஃபாதர் வர்றதுக்குள்ள வின்ஸ்டன் பாட்டு ஒண்ணு போட்டுக்கலாமுங்களா?”

அப்பா மரியஅந்தோணி தலை தூக்கினார். “எழவு ஊட்டுல அந்தக் கத்தலா?”

ஜெனிதாவுக்கும் அது கத்தலாகத்தான் கேட்டிருக்கிறது. சிறுநீரகம் பழுதாகி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வின்ஸ்டன் டயாலிசிஸுக்குப் படுக்கும்போதெல்லாம் பக்கத்து ஸ்டூலில் அவள்தான் உட்கார்ந்திருப்பாள். ஒரு கை ஊசியோடு அசையாமல் கிடக்கும். இன்னொரு கையால் இயர்போனின் ஒரு பக்கத்தை அவள் காதில் செருகிவிடுவான். அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் கதைகளை எடுத்துத் தமிழில் ராப் பாடுவதென்றால் அவனுக்குப் பைத்தியம். அதற்குத் தாளம், பீட், போட்டு அனுப்புவது நிதீஷ். பாட்டுக்கு முன்னால் வின்ஸ்டன் ஒருமுறை கதை சொல்வான், பாட்டு முடிந்ததும் மறுபடி சொல்வான்.

“எப்படிக்கா?”

“பஸ்ஸுல சில்லறைக்குச் சண்டை போடற மாதிரி இருக்குதுடா. மெட்டே இல்ல.”

“மறுக்கா கேளு, புடிக்கும்.”

மறுபடி கேட்டும் பிடித்ததில்லை. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான். அதனால் பிடிக்கலைடா என்றே சொல்வாள். அவன் சிரித்துக்கொண்டு அடுத்ததைப் போடுவான். மெஷின் ஓடி முடிகிறவரைக்கும் இரண்டு தலைகளும் ஒரே ஒயரில் சாய்ந்துகொண்டிருக்கும்.

“போடட்டுங்கப்பா” என்றாள் ஜெனிதா.

நிதீஷ் சின்ன ஸ்பீக்கரைப் பெட்டியின் கால்மாட்டில் வைத்தான். துக்கத்துக்காகப் பக்கத்துத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். வின்ஸ்டனின் குரல் தெரு முழுக்கக் கேட்டது, படபடவென்று, மூச்சுவிடாமல். இன்றைக்கும் ஜெனிதாவுக்கு அது பிடிக்கவில்லை.

பெட்டியோரம் உட்கார்ந்திருந்த அம்மா விமலாராணி, மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

“என்ன சொல்றான் அம்மணி? எனக்கு ஒண்ணும் வெளங்கலியே.”

“ஒரு பாலமும்மா. அதுல ஒரு பையன் காவலுக்கு நிக்கறான். அந்தப் பக்கம் பூராப் பேய்ங்க. இவன் நகந்தா ஊருக்குள்ள வந்துரும்.”

“தனியாவா நிக்கறான்?”

“ஆமாம்மா. அவங்கப்பன் நின்ன எடம் அது.”

“சோத்துக்கு என்ன பண்ணுவான்?”

“ஊர்க்காரங்க கொண்டாந்து வெச்சுப்போட்டுப் போவாங்க. ஆறிப்போயிருக்கும். அதையே தின்னுக்குவான்.”

அம்மா பெட்டியைப் பார்த்தாள். “தூக்கம்?”

“நின்னுக்கிட்டேதான். ஒரு கண்ணை மட்டும் மூடிக்குவான்.”

அதற்குள் பாட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தது.

“நிதீஷ், மொதல்ல இருந்து போடு கண்ணு” என்றாள் ஜெனிதா.

அப்பா எழுந்து நாற்காலியைக் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.