ஐந்து மீட்டருக்குள்

இடிக்க வருகிறவர்களுக்காக வீட்டைத் துடைத்து வைத்தவர்கள் எங்கள் தெருவில் நாங்கள் மட்டும்தான்.

அது அம்மாவின் பிடிவாதம். முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு அவளால் எழுந்து நிற்க முடியாது. தரையிலேயே சூடு அதிகமான மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தபடி வீட்டை ஆள்கிறாள். எங்கள் வீட்டில் சமைக்கும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. அடுப்பின் புகை தரைக்கடியில் ஓடி, மறுகோடியில் இருக்கும் மரப் புகைப்போக்கி வழியாக வெளியேறும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது அடுப்பில் சோளத்தட்டையோ கரியோ போட வேண்டும். அந்த யாராவது நான்தான். அதற்காகத்தான் பள்ளியை விட்டேன். அப்பா தென்கொரியாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறார். புத்தாண்டுக்கு வருவார். சில வருடம் அதுவும் இல்லை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதுக் குடியிருப்புகள் எழும்பியிருந்தன. அங்கே வெந்நீர்க் குழாய் தரையைச் சூடாக்கும். யாரும் எதையும் போட வேண்டாம். காலையில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானம் வரை வெளியே இருக்கலாம். ஆற்றோரத் தெருக்களை இடித்துவிட்டு எங்களுக்கெல்லாம் அங்கே வீடு தருவதாகச் சொன்னார்கள். பள்ளியில் மறுபடி சேரும் படிவத்தை நிரப்பி அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன்.

அளக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்த அன்றே அம்மா ஆரம்பித்தாள்.

"தரைத்தாள் மங்கிப் போச்சு. உரிச்சுட்டுப் புதுசு ஒட்டு."

"இடிக்கப் போறாங்கம்மா."

"அதுக்கு? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வர்றவன் எவனா இருந்தாலும் விருந்தாளிதான். படுத்துட்டா, வீட்டைக் குப்பையா வச்சிருக்கான்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது."

மூன்று நாள் வேலை. புதுத்தாள் ஒட்டி, அரைத்த சோயாவைத் துணியில் கட்டி, எண்ணெயில் தோய்த்துத் தேய்த்துத் தேய்த்து, தரை தேன் நிறத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டு புன்சுக் அத்தை எட்டிப் பார்த்தாள். அவள் எப்போதோ தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டுவிட்டவள்.

"ஏண்டி யோன்ஹ்வா, செத்த மாட்டுக்குத் தலை சீவி விடுறியா?"

"அம்மா சொன்னாங்க அத்தை."

"உங்கம்மா சொர்க்கத்துக்குப் போனாலும் அங்க வாசல் கூட்டச் சொல்லுவா."

அளப்பவர்களோடு பண்பாட்டு அலுவலகத்து பாங் ஐயாவும் வந்திருந்தார். அம்மா என்னை மெத்தையை நகர்த்தச் சொல்லி, தன் சூடான மூலையை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். உட்கார்ந்தவர் உள்ளங்கையைத் தரையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"இந்த மாதிரி வீடு ஊர்ல ஒண்ணுகூட இல்லன்னு போன மாசம்தான் எழுதிக் கொடுத்தேன். யாரும்மா இதைப் பாத்துக்கறது?"

"எம் பொண்ணு," என்றாள் அம்மா. அவள் குரலில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுவாரம் கடிதம் வந்தது. இடிக்கும் பட்டியலில் எங்கள் வீடு இல்லை. பெரிய குழு ஒன்று நேரில் வந்து பார்க்கும். அது ஒப்புக்கொண்டால் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம். பிறகு விற்கவோ மாற்றவோ காலி செய்யவோ முடியாது. அடுப்பும் தரையும் பழைய நிலையில் இல்லையென்றால் ஒப்புதல் கிடையாது.

அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

குழு வரும் நாள் காலையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மறுகோடி மூலையில் துணிப்பெட்டியை நகர்த்தி, தரைத்தாளைக் கிழித்து, சாம்பல் கிளறும் இரும்புக்கம்பியால் அடியில் புகைவழியை மூடியிருந்த பலகைக்கல்லை ஓங்கிக் குத்தினேன். மூன்றாவது குத்தில் கல் இரண்டாகி உள்ளே விழுந்தது. புகைவழி அடைத்துக்கொண்டது. நான் நினைத்ததைவிட வேகமாக அறை முழுக்கப் புகை.

"யோன்ஹ்வா! புகைடி!"

அம்மா முழங்கையை ஊன்றி வாசல் பக்கம் உடம்பை இழுக்கப் பார்த்தாள். ஒரு சாண்கூட நகரவில்லை.

மெத்தையோடு சேர்த்து அவளை முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். வெளியே தரை உறைந்து கிடந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளோ புகைவழி அடைபட்டதில் நெருப்பும் அவிந்துவிட்டது. உடைந்த கல்லை வெளியே எடுத்தேன். புறக்கடையில் கிடந்த வேறு கல்லைப் பதித்தேன். மஞ்சள் மண்ணில் வைக்கோலை வெட்டிப் போட்டுப் பிசைந்து, விளிம்பெல்லாம் பூசி அடைத்தேன். வருடா வருடம் செய்த வேலை. கைகளை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

அம்மாவை உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்தபோது குழு வாசலில் நின்றது.

"பாருங்க, இன்னிக்கும் வைக்கோல் மண்ணுதான்!" பாங் ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லவேளை, தாளைப் பிரிச்சு உள்ளமைப்பையே காட்டுறா பொண்ணு. கையை நீட்டும்மா."

மண் காயாத என் கைகளைப் படம் எடுத்தார்கள். கல் தானாக உடையாது என்று அம்மாவுக்குத் தெரியும். அவர்கள் போன பிறகு கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்தக் கம்பிய எடுத்த இடத்துல வை."

வைத்தேன்.

ஏப்ரலில் தெருவை இடித்தார்கள். எங்கள் வாசலில் கறுப்புக் கல் நட்டார்கள். முன்பக்கம் வீட்டின் பெயர். பின்பக்கம் விதி: சுவரிலிருந்து நான்கு புறமும் ஐந்து மீட்டருக்குள் தோண்டக் கூடாது. முட்டைக்கோஸ் ஊறும் கிம்ச்சி ஜாடிகள் அதற்குள்தான் கழுத்துவரை புதைந்திருக்கின்றன. அவற்றை இனி வெளியே எடுக்க முடியாது. பராமரிப்பாளர் என்று ஒரு தாளில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார் பாங் ஐயா. "நெருப்பை மட்டும் விட்டுடாதம்மா. ஈரம் ஏறினா சுவர் போயிடும். கோடையிலயும் கொஞ்சம் போடு."

நேற்று புன்சுக் அத்தை புது வீட்டிலிருந்து உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தாள்.

"மினுக்கி மினுக்கி, கடைசியில நீயே காட்சிப் பொருளாயிட்டியேடி," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு கல்லின் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து, தப்படி எண்ணி நடந்தேன். ஐந்து மீட்டர் என்பது எனக்கு எட்டுத் தப்படி. முற்றத்தின் வெளிக்கதவு ஆறாவதிலேயே வந்துவிட்டது. எட்டாவதில் தெருவில் நின்றேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"யோன்ஹ்வா, தரை ஆறுதுடி," என்றாள் அம்மா.

எட்டையும் திரும்ப நடந்தேன்.