தினம் ஒண்ணு

சட்டை ஃபேக்டரியில காலர் தைக்கிற எனக்கு அளவு தெரியாதுன்னு யாராவது சொன்னா, அவங்க வாயைத் தைச்சுடுவேன். அப்படிப்பட்ட நான்தான் அளவுல கோட்டை விட்டேன்.

போன மழைக்காலத்துல மாமாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரரோட அப்பாவுக்கு, நிமோனியா. பதினோரு நாள் மூக்குல ஆக்ஸிஜன். "அப்பாவைப் பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா அண்ணி?"ன்னு ஆஸ்பத்திரி வராண்டாவுல, அத்தனை பேர் முன்னாடி, என் நாத்தனார் கேட்டா. அது முள்ளா நெஞ்சுல நின்னுடுச்சு.

இந்த வருஷம் டாக்டர் மாமாவோட ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, "வைட்டமின் டி ரொம்பக் கம்மி. வாரம் ஒரு மாத்திரை, எட்டு வாரம். எதிர்ப்பு சக்திக்கு உதவும். ஆனா இதை மட்டும் நம்பாதீங்க, தடுப்பூசியும் போடணும்"னார். நாத்தனாரும் கூடத்தான் நின்னா. எதிர்ப்பு சக்தின்னதுக்கு மேல எதுவும் என் காதுல ஏறலை. வாரம் ஒண்ணே நல்லதுன்னா, தினம் ஒண்ணு எவ்வளவு நல்லது! ஒரே கடையில அத்தனை தரமாட்டாங்கன்னு, கடை மாத்தி மாத்தி வாங்கினேன். காலையில வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மாமா கையில ஒண்ணு வெச்சுடுவேன். மனுஷன் முகம் சுளிச்சதில்லை. "என் பொண்ணுகிட்ட சொல்லாதேம்மா, சத்தம் போடுவா"ன்னு மட்டும் சொல்வார். அவ தினமும் சாயங்காலம் வந்து, அவரை மாடி வெயில்ல உட்கார வெச்சு, பால் குடுத்துட்டுப் போவா.

ரெண்டு மாசம் ஒரு தும்மல் இல்லை. எனக்குத் தலைகால் புரியலை.

அப்புறம் ஒரு வாரமா தண்ணி தண்ணின்னு கேட்டார். வாந்தி எடுத்தார். திங்கட்கிழமை மத்தியானம் ஃபேக்டரிக்கு ஃபோன் வந்துச்சு, மாமாவுக்கு ஆள் அடையாளம் தெரியலைன்னு. ஊசியை அப்படியே விட்டுட்டு ஓடினேன்.

அவசர சிகிச்சை அறையில மாமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பள்ளிக்கூட மணி அடிச்சாச்சா?"ன்னார்.

"மூளையில தொற்றான்னு பாக்கணும். முதுகுல ஊசி குத்தி நீர் எடுக்கப் போறோம்," டாக்டரம்மா சொன்னாங்க. "வீட்டுல வேற ஏதாவது மருந்து குடுக்கறீங்களா?"

எதிர்ல நாத்தனார் நிக்கிறா. சொன்னா ஜென்மத்துக்கும் தலை நிமிர முடியாது. நர்ஸ் நீள ஊசியோட தட்டைக் கொண்டு வந்து வெச்சாங்க. மாமாவை ஒருக்களிச்சுத் திருப்பினாங்க.

"ஐயோ, நிறுத்துங்க! அந்த வைட்டமின் டி மாத்திரை... வாரம் ஒண்ணுன்னு சொன்னதை, தினம் ஒண்ணு குடுத்துட்டேன். ரெண்டு மாசமா. நான்தான்."

டாக்டரம்மா ஊசியை ஓரம் வெச்சாங்க. "வைட்டமின் டி அளவு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறி, புத்தியே தடுமாறும். கால்சியம் பாருங்க, உடனே சலைன் ஏத்துங்க! சிறுநீரகம் தாங்கணும்."

நாத்தனார் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டப் போறான்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். பையோட ஜிப் சத்தம்தான் கேட்டுச்சு. கண்ணைத் திறந்தா, அவ கையில பாதி காலியான அட்டை. அதே மாத்திரை.

"பாலோட நானும் தினமும் குடுத்தேன் டாக்டர். வேலைக்கு ஓடற அவசரத்துல அண்ணி மறந்துடுவாங்கன்னு, தினம் குடுத்தா இன்னும் நல்லதுன்னு நானே..."

"ரெண்டு பேருமா?" டாக்டரம்மா கேட்டாங்க. " அவர் ஒரு வார்த்தை சொல்லலையா?"

நாத்தனார் உடைஞ்சு அழுதா. "'மருமககிட்ட சொல்லாதேம்மா, அவ மனசு நொந்துடும்'னார்."