ஒரு பெடியன்தானே கேக்கினம்

"திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்," என்றாள் மாமியார், பழுதான நாற்காலியைத் தச்சனுக்கு அனுப்புகிற தோரணையில். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தக்ஷிகா கேத்தலைக் கீழே வைத்தாள்.

பழுது வேறொன்றுமில்லை. அவள் பெற்றது இரண்டும் பெண். கணவர் எட்மண்ட் ஸ்டோன்மியர் பிரபு, இங்கிலாந்து அரசாங்கத்தில் அமைச்சர். பரம்பரைப் பட்டமும் அதோடு ஒட்டிய மாளிகையும் ஆண் வாரிசுக்குத்தான். மகன் இல்லாவிட்டால், குதிரைப் பந்தயத்தில் குடும்ப மானத்தைக் கரைத்த ஒன்றுவிட்ட தம்பிக்குப் போய்விடும். அவனுக்கு மூளை இல்லாவிட்டாலும் மீசை இருக்கிறது, அது போதுமாம்.

இரண்டாவது பிரசவத்தில் தக்ஷிகா பிழைத்ததே பெரும்பாடு. இன்னொரு பிள்ளை என்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். மாமியாருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வேறு டாக்டரைப் பிடித்துவிட்டாள்.

லண்டன் ஹரோவிலிருந்து வந்திருந்த தாய் கமலாம்பிகை தொண்டையைச் செருமினாள். தக்ஷிகாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. மகள் வெள்ளைக்காரனைக் கட்டியபோது முகம் கொடுத்துப் பேசாதவள்தான். மகள் பிரபுவின் மனைவியாக 'லேடி' பட்டம் பெற்றபின், ஆர்ச்வே முருகன் கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்திலேயே அந்தப் புதினச் செய்தியை ஆரம்பித்துவிடுவாள். இருந்தாலும் பெற்றவள் அல்லவா?

"பிள்ளை, ஒரு பெடியன்தானே கேக்கினம். பெத்துக் குடுத்தா என்ன குறைஞ்சு போகும்?"

"என்ர உயிர், அம்மா."

தாய் முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறாளாம், ஒன்றும் நடக்காதாம். சம்பந்திகள் இருவருக்கும் கல்யாண நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். சாப்பாட்டிலும் ஒத்துவராது, சாமியிலும் ஒத்துவராது. பேரன் என்றதும் மட்டும், அடடா, என்ன ஒற்றுமை! வெள்ளைக்காரர் வீட்டில் பெண் பிறந்தால் யாரும் முகம் சுழிக்க மாட்டார்கள் என்று நம்பி வந்தவள் தக்ஷிகா. அந்த வழக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து விமானம் ஏறி வரத் தேவையில்லை, இங்கேயே வம்சம் வம்சமாகக் குடியிருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அவள் வாதாடவில்லை. பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டாக்டரின் இடத்துக்குப் போன் செய்து வரமாட்டேன் என்றாள்.

சம்பந்திகள் புறப்பட்டுப் போனபின் மாலையில் எட்மண்ட் உற்சாகமாக வந்தார். பெண் பிள்ளையைப் பாரமாக நினைக்கும் ஏழை நாடுகளுக்கு நாளை நாடாளுமன்றத்தில் புத்தி சொல்லப்போகிறார். தக்ஷிகா சேலை உடுத்து, மகள்களோடு பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தால் எடுப்பாக இருக்கும் என்றார்.

"உங்கள் அம்மா சொன்ன டாக்டரிடம் நான் போகவில்லை," என்றாள் தக்ஷிகா. "இந்தத் திங்கட்கிழமையும் இல்லை, இனி எப்போதும் இல்லை. எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

எட்மண்டின் முகம் விழுந்தது. நல்லது, உன் உயிர்தான் பெரிது என்று ஒரு வார்த்தை வரும் என்று அவள் காத்திருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்கு ஏங்கினாள்.

"அம்மாவிடம் யார் சொல்வது?" என்று கேட்டார் அமைச்சர்.

"நீங்கள்தான்."

அவள் மாடிக்குப் போய் மகள்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் கீழே பேச்சு ஒத்திகை ஆரம்பமாயிற்று. மகள் பிறந்த வீட்டை வாரிசில்லாத வீடு என்று சொல்லும் தைரியம் இனி உலகில் எவருக்கும் வரக்கூடாது என்ற இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மாவின் போன் வந்தது. அது அடித்து ஓயும்வரை எடுக்காமல் விட்டுவிட்டு, அந்த வரியை இன்னொரு முறை, இன்னும் உருக்கமாகச் சொல்லிப் பார்த்தார்.