எரவல் தலை

கையத் தூக்கிட்டா. ஆபீஸர் "ஸ்மிதா"ன்னு கூப்பிட்டார், ரஜிதா எந்திரிச்சு "ப்ரெசன்ட் ஸார்"ன்னுட்டா. சொன்ன வாய மூடுறதுக்குள்ள ஆபீஸருக்குப் பின்னால நின்ன ஆளப் பாத்துட்டா. டை கட்டிக்கிட்டு, வாய் நெறைய சிரிப்போட லக்ஷ்மிநாராயணன் ஸார். போன வெள்ளிக்கிழமைதான் அவளோட சொந்த ஸ்கூல்ல, சொந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலயும் பேட்ஜ் குடுத்தவர். இப்போ அவ கொச்சங்காடி ஸ்கூலோட பச்சைப் பாவாடைய ஊக்கு குத்தி இடுப்புல நிறுத்திக்கிட்டு, குடும்பத்தோட துபாய்க்குப் போயிட்ட எவளோ ஒரு ஸ்மிதாவா நிக்கிறா.

இதுல புதுசா ஒண்ணும் இல்ல. கொச்சி மட்டாஞ்சேரியில ஜூன் மாசம்னா மழை வரும், பின்னாலயே தலையெண்ண ஆபீஸர் வருவார். பிள்ளைங்க கொறஞ்சா ஒரு வகுப்பு, அதாவது டிவிஷன், போகும், டிவிஷன் போனா ஒரு டீச்சரோட போஸ்ட் போகும். அதனால ஸ்கூலுங்க ஒண்ணுக்கொண்ணு பிள்ளைங்கள எரவல் குடுத்துக்கும், அடுத்த வீட்டுல காப்பித்தூள் வாங்குற மாதிரி. இன்னிக்கு ரஜிதாவோட தமிழ் ஸ்கூல் குடுக்கும், நாளைக்கு கொச்சங்காடி திருப்பிடும். நாணயமான ஆளுங்க.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஒத்துழைப்புன்னா என்னன்னு சொல்லிக்குடுக்க எறணாகுளத்துலேர்ந்து லக்ஷ்மிநாராயணன் ஸார் வந்தார். எஜுகேஷன் கன்ஸல்டன்ட். அப்படின்னா என்ன வேலைன்னு ரஜிதாவோட அப்பா பாண்டியராஜ் கேட்டார். அவர் கார்ப்பரேஷன்ல சாக்கடை ஓடை அள்ளுறவர். ஸ்கூலுங்க ஒண்ணா சேந்து மாறுறதுக்கு வழி சொல்றவருன்னு ரஜிதா சொன்னா. "ஓ, ஓடையில எறங்காம தண்ணிக்கு வழி சொல்றவரா. எங்க ஆபீஸ்லயும் உண்டு"ன்னுட்டு அவர் கப்பக்கிழங்கப் பிட்டு வாயில போட்டுக்கிட்டார்.

ஸார் சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் உழைச்சார். ரெண்டு ஸ்கூல் டீச்சர்மாரையும் வட்டமா நிக்க வச்சு நூலுண்டைய ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு எறியச் சொன்னார். நூல் சிக்கினதும் இதுதான் உறவுன்னார். கடைசியில பியூன் கத்திரிக்கோல் கொண்டுவந்து உறவ வெட்டிவிட வேண்டியதாச்சு. அப்புறம் ஒருத்தர் பேர ஒருத்தர் வச்சுக்கிட்டு நடிக்கச் சொன்னார், ரோல் ப்ளேயாம். மாற்றத்தப் பாத்து பயப்படாதீங்க, என் பிள்ளை ஒன் பிள்ளைன்னு பாக்காம பங்குபோட்டுக்கங்கன்னு அவர் கெஞ்சினப்போ, தமிழ் எடுக்குற காமாக்ஷி டீச்சர் சிரிப்ப அடக்க மாட்டாம சாயா கிளாஸுக்குள்ளயே மூஞ்சிய விட்டுக்கிட்டாங்க. முன் பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாத்த பாவத்துக்கு ரஜிதா பேட்ஜ் குத்தின 'மாற்றத்தின் தூதர்' ஆனா.

அந்தத் தூதரத்தான் ஸார் இப்போ கண்டுபிடிச்சுட்டார். "அட, நம்ம ரஜிதா"ன்னார். ஆபீஸரோட பேனா நின்னிச்சு. ஸாருக்கு அதெல்லாம் எங்க கண்ணுல படுது? நான் சொன்னது ஒரே வாரத்துல நடந்திருச்சு பாத்தீங்களா, பிள்ளைங்க ஸ்கூல் மாறி உக்காந்து படிக்கிறாங்கன்னு ஆபீஸர்கிட்ட பெருமையா வெளக்கினார். பக்கத்துல நின்ன கொச்சங்காடி ஹெட்மிஸ்ட்ரஸ், ஒரு துளி வெயில் இல்லாத மழை நாள்ல, வேர்த்து ஒழுகினாங்க.

ஆபீஸர் கண்ணாடியக் கழத்தினார். ரொம்பப் பதமா, மலையாளத்துல பேரக் கேட்டார்.

"மோளே, நின்றெ பேரெந்தா?"

ரஜிதா ஹெட்மிஸ்ட்ரஸப் பாத்தா. ஸாரப் பாத்தா.

"ஸ்மிதா."

ஸார் கையத் தட்டிச் சிரிச்சார். "ரோல் ப்ளே ஸார், விடாம செய்யுது பாருங்க. குட்டி மிடுக்கி, கெட்டிக்காரி."

"சரி, சரி"ன்னார் ஆபீஸர். "நாளைக்கு தமிழ் ஸ்கூல்லதானே? அங்கயும் பாத்திரலாம்."

"வாங்க ஸார்"ன்னு லக்ஷ்மிநாராயணன் ஸார் முந்திக்கிட்டார். "இதே குட்டிதான் ஒங்களுக்குப் பூச்செண்டு குடுத்து வரவேப்பா. எங்க தூதராக்கும்."

ஆபீஸர் ரெஜிஸ்டர்ல ஸ்மிதாவுக்கு நேர எதையும் குறிக்கல. குறிக்காமலேயே பேனாவ மூடிட்டுப் போயிட்டார். திட்டியிருந்தாக்கூட இம்புட்டு பயந்திருக்க மாட்டா.

ஸ்கூல் விட்டதும் வராந்தாவுல ஒத்துழைப்பு கிழிஞ்சிச்சு. நாளைக்கு இவளுக்குக் காய்ச்சல், வீட்டுல படுத்துக்கட்டும், அங்க இவள ரஜிதாவாப் பாத்தா எங்க ஸ்மிதா பொய்யாயிரும், எங்க கணக்கு டீச்சர் தெருவுலன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னாங்க. அவளத் திருப்பிக் கூட்டிட்டுப் போக வந்த தமிழ் ஸ்கூல் காமாக்ஷி டீச்சர் விடல. இவ வரலைன்னா தமிழுக்கு ஒரு தலை கொறயும், கொறஞ்சா நான் தெருவுல, வேணும்னா இவளுக்குப் பதிலா எங்களுக்கு ஒரு குட்டிய அதிகமா அனுப்புங்கன்னாங்க. இன்னிக்குக் கண்டதுக்கப்புறம் சொன்ன கணக்குக்கு மேல ஒருத்திய அனுப்ப எனக்கென்ன பிராந்தா, பைத்தியமான்னு ஹெட்மிஸ்ட்ரஸ் திருப்பிக் கேட்டாங்க. நூலுண்டைய எறிஞ்சு புடிச்ச அதே ரெண்டு பேரும்தான்.

நடுவுல நின்ன ரஜிதாகிட்ட யாரும் எதுவும் கேக்கல. தூதர்கிட்ட யாரு கேக்குறா? தமிழ் டிவிஷன் போனா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும். வேற ஸ்கூலுக்கு தனியா பஸ் ஏறி பாலம் தாண்டணும், அப்பா விட மாட்டார். அம்மா காளியம்மை ஏற்கெனவே எறணாகுளம் பிராட்வேயில மாயம்மாள் சித்தி நிக்கிற துணிக்கடையில சொல்லி வச்சாச்சு, போக வர சித்தி துணை. பத்தாங்கிளாஸ் வேணாம், சேலை மடிக்கத் தெரிஞ்சாப் போதும். சரின்னு போனா, அந்தக் கண்ணாடிக்காரர் நேருக்கு நேரா நிப்பார். பொய் சொன்ன குட்டின்னு டி.சி.யக் கிழிச்சுக் குடுத்தா அதுக்கும் அதே சேலைதான்.

ராத்திரி மேல் வீட்டுக்கு ஃபோன் வந்திச்சு. ஸார்தான். பூச்செண்டுக்கு சொல்லியாச்சு, ரோஜாவாம். பயப்படாம சிரிச்சுக்கிட்டே குடுக்கணும், மாற்றம்ங்கிறது உன்ன மாதிரி பிள்ளைங்ககிட்டேர்ந்துதான் தொடங்குதுன்னார்.

கீழ வந்து படுத்தா. அப்பா ஓடை அள்ளின அலுப்புல கொறட்ட விட்டார். கொறைஞ்சபட்சம் அவருக்கு நாளைக்கும் பாண்டியராஜ்ங்கிற ஒரே பேருதான். ரஜிதான்னு சொன்னா கொச்சங்காடி டீச்சர் போவாங்க, ஸ்மிதான்னா காமாக்ஷி டீச்சரும் கூடவே அவளோட பத்தாங்கிளாஸும் போகும். ரோஜாவக் கையில வாங்கிக்கிட்டு, கண்ணாடியக் கழத்திக்கிட்டு, ஆபீஸர் மறுபடி அதே பதமா "மோளே, நின்றெ பேரெந்தா?"ன்னு கேட்டா, அவ என்ன சொல்லுவா?